கூண்டு ஏற்றுவது யார்? சிறு விமானத்தில் இரண்டு பிள்ளைகள்

என் அக்கா மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. நான்கு வருடத்துக்கு முன் தனியார் விமானி உரிமம் வாங்கினான். ஒரு கிளப்பில் செஸ்னா 172 என்ற நாலு சீட்டுச் சிறு விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவான். இந்த மே மாதம் மனைவி, ஆறு வயது மகள், மூன்று வயது மகன் மூவரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் பறந்தான். யாருக்கும் அடிபடவில்லை. விமானத்தில் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் ஜூன் கடைசியில் விடுமுறைக்கு மண்டபம் வந்தவன், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

"ஒண்ணும் ஆகலை மாமா. ஆனா ஆகியிருக்கலாம்."

நான் கடற்படையில் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானி இல்லை, இன்ஜினைக் கழற்றி மாட்டியவன். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. சின்னதாக ஏதாவது பிசகினாலும், சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதிவிட வேண்டும். யாரைத் திட்டலாம் என்று தேட அல்ல. நாலு நாள் போனால் எல்லாரும் தனக்குத் தோதாக ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், அதனால். அந்த வழக்கத்தில் நோட்டை எடுத்தேன். மூன்று சாயங்காலம் பேசினோம். அவன் மனைவியையும் உட்காரவைத்துக் கேட்டேன். பிள்ளைகளிடமும் கேட்டேன், அவர்கள் சொன்னதுதான் பல இடத்தில் சரியாக இருந்தது.

நடந்தது

போக வேண்டிய இடம் போர்ட் அரான்சஸ். மெக்சிகோ வளைகுடாவில் கரையை ஒட்டி நீளமாகக் கிடக்கும் ஒரு மணல் தீவில் இருக்கிற ஊர். நம் பாம்பன் தீவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கோயில்தான் கிடையாது. காரில் போனால் மூன்றரை, நான்கு மணி நேரம். செஸ்னாவில் ஒன்றே கால் மணி. சனிக்கிழமை காலை 7.30-க்குக் கிளம்பி 9 மணிக்குள் கடலில் கால் நனைப்பதாகத் திட்டம்.

கிளம்பியது 10.50-க்கு. பையனுக்கு இரண்டு நாளாக மூக்கொழுகல்; ராத்திரி சரியாகத் தூங்காமல் விடிந்த பிறகு அசந்துவிட்டான். அன்றைக்குப் பார்த்து வீட்டில் பூரி கிழங்கு. விமானத்தைச் சுற்றிப் பார்த்து, எரிபொருள் அளந்து, பையனின் கார் சீட்டை (காரில் குழந்தைக்குப் போடும் தனி இருக்கை) விமானத்தின் பின் இருக்கையில் வைத்து இறுக்கிக் கட்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. 4,500 அடியில் பஞ்சுப் பொதி மாதிரி மேகங்கள் முளைத்திருந்தன. மேகம் அப்படி முளைக்கிறது என்றால் கீழேயிருந்து சூடான காற்று கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவன் 3,500 அடியில், அந்தக் காற்றுக்குள்ளேயே போனான். ராமேஸ்வரம் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றாள் அவன் மனைவி.

உட்கார்ந்த விதம் முக்கியம். இடது முன் இருக்கையில் அவன், வலது முன் இருக்கையில் மனைவி, பிள்ளைகள் இருவரும் பின்னால். காரில் உட்காருவது போலவேதான்.

40-ஆவது நிமிடத்தில் மகள், "அப்பா, வயிறு என்னமோ பண்ணுது" என்றாள். இரண்டு நிமிடத்தில் பூரி வெளியே வந்துவிட்டது. வாந்திப் பை முன் இருக்கையின் பின்புறப் பாக்கெட்டில் இருந்தது. அதை எடுத்து விரித்துக் கொடுக்கப் பின்னால் யாரும் இல்லை. தாய் தன் பெல்ட்டைக் கழற்றி, இருக்கையில் முட்டி போட்டு, பின்பக்கம் திரும்பிக் குழந்தையைத் துடைத்தாள். அப்போது அவள் இடுப்பு வலது பக்க ஸ்டியரிங்கில் இடித்தது. இரண்டு பக்க ஸ்டியரிங்கும் ஒன்றோடொன்று இணைந்தவை. விமானத்தின் மூக்கு ஒரு குலுக்கு குலுக்கிற்று. அவன் பிடித்துச் சரிசெய்தான்.

பையன் இதையெல்லாம் பார்க்கவில்லை. கிளம்பிய பத்தாவது நிமிடத்திலேயே தூங்கிவிட்டான். ஹெட்செட் கழுத்துக்கு நழுவிக் கிடந்தது.

இந்தக் கலவரத்தில் இறங்கத் தொடங்க வேண்டிய நேரம் தவறிப்போனது. ஊருக்கு 5 கடல் மைல் இருக்கும்போது அவன் இன்னும் 3,500 அடியிலேயே இருந்தான். 1,000 அடிக்கு வர வேண்டும். நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கினான். பையன் அலறிக்கொண்டு எழுந்தான். கை காதில். தாய் மறுபடி பெல்ட்டைக் கழற்றினாள். ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பம் திரும்பும்போது அவன் பின்னால் பார்த்தான். முன்னால் பார்த்தபோது ஓடுபாதை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது; வேகம் 65 நாட், அதாவது மணிக்கு 65 கடல் மைல், இருக்க வேண்டிய இடத்தில் 78.

அங்கே ஒரு நல்ல காரியம் செய்தான். இறங்கியே தீருவேன் என்று நிற்காமல் முழு பவர் கொடுத்து மேலே ஏறினான். மனைவியிடம், "பெல்ட் போடு. அவன் அழட்டும்" என்றான். இன்டர்காமில் விமானியின் காதை மட்டும் தனியே பிரிக்கும் பட்டன் ஒன்று உண்டு, அதை அழுத்தினான். அழுகை நின்றது, அவன் காதில் மட்டும். இரண்டாவது சுற்றில் சுத்தமாக இறங்கினான்.

மறுநாள் டாக்டர் பையனின் செவிப்பறை சிவந்திருக்கிறது என்றார். ஊர் திரும்பியது வாடகைக் காரில். திங்கட்கிழமை கிளப்பு நண்பர் ஒருவர் போய் விமானத்தை எடுத்து வந்தார். செலவு எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை. நானும் அக்கா முன்னால் வற்புறுத்தவில்லை.

காது

முதலில் இதைத் தனியாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாரும் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். "35,000 அடியில ஏர் இந்தியால வந்தப்போ ஒண்ணும் ஆகலை, 3,500 அடியிலயா ஆகும்?" என்று அக்காவே கேட்டாள்.

பெரிய விமானத்துக்குள் காற்றழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வெளியே 35,000 அடி என்றாலும் உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான். இறங்கும்போது உள்ளே அழுத்தம் மெதுவாக ஏறும்படி ஒரு கருவி பார்த்துக்கொள்கிறது. செஸ்னாவில் அந்தக் கருவி கிடையாது. விமானி ஸ்டியரிங்கை எவ்வளவு முன்னால் தள்ளுகிறானோ அவ்வளவும் பிள்ளையின் காதில் நேராக இறங்கும். அதிலும் தரைக்குப் பக்கத்தில் காற்று அடர்த்தி அதிகம். உயரத்தில் 1,000 அடி இறங்குவதைவிடக் கீழே 1,000 அடி இறங்கும்போது அழுத்தம் கூடுதலாக மாறுகிறது.

நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, ஒடுக்கமாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கிறது. சளி பிடித்தால் வீங்கி அடைத்துக்கொள்ளும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் அது திறக்கிறது. தூங்குகிற பிள்ளை அவ்வளவாக விழுங்காது. ஆக, சளி பிடித்த, தூங்குகிற, மூன்று வயதுப் பிள்ளையை நிமிடத்துக்கு 1,000 அடி இறக்கினால் நடக்க வேண்டியதுதான் நடந்தது.

இதைத் திண்ணையில் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கீழக்கரைப் பக்கம் பல வருடம் சங்கு குளிக்கப் போனவர். "இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பேச்சு? சளியோட நாங்க இறங்கவே மாட்டோம். காது பிடிச்சுக்கும்" என்றார். கடலுக்குள் கீழே போவதும் வானத்திலிருந்து கீழே வருவதும் காதுக்கு ஒரே சங்கதிதான். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கணக்கு எளிது. 2,500 அடி இறங்க நிமிடத்துக்கு 300 அடி என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டும். 120 நாட் வேகத்தில் அது ஏறக்குறைய 17 கடல் மைல். அவன் 5 மைலில் தொடங்கினான். 17 மைலில் பையனை எழுப்பி, உறிஞ்சுகிற கோப்பையில் தண்ணீர் கொடுத்திருந்தால் அந்த அலறல் இருந்திருக்காது. அல்லது பாதியாவது குறைந்திருக்கும். சளி இருந்ததால் என் கணக்கில் அன்றைக்கு அவன் ஏறியே இருக்கக் கூடாது.

அக்கா பனங்கற்கண்டு கொடுக்கலாமே என்றாள். மகளுக்குச் சரி. மூன்று வயதுப் பையனுக்கு, தூக்கிப்போடுகிற விமானத்தில், கெட்டியாக எதையும் வாயில் போடக் கூடாது. தொண்டையில் சிக்கினால் அங்கே யார் முதுகில் தட்டுவது?

உட்கார்ந்த விதம்

எடையில் பிழையில்லை. அந்த விமானத்தில் டாங்க் நிரப்பிய பிறகு ஆளுக்கும் சாமானுக்கும் ஏறக்குறைய 250 கிலோ மிஞ்சும். இவர்கள் நால்வரும் பையும் சேர்த்து 202 கிலோ. அதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறான். கார் சீட்டும் விமானத்தில் பயன்படுத்தலாம் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டது. ஐந்து பட்டி கொண்டது. அந்தப் பட்டிதான் அன்றைக்குப் பையனை இருந்த இடத்தில் வைத்திருந்தது.

அமெரிக்க விதிப்படி இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். விதி விடுகிறது என்பதற்காக நாம் செய்ய வேண்டும் என்பதில்லை. 10 கிலோ பிள்ளை, மோதலில் 9 ஜி, அதாவது எடையைப் போல ஒன்பது மடங்கு விசை, வந்தால் 90 கிலோ. எந்தத் தாயின் கையும் தாங்காது. 1989 ஜூலையில் சூ சிட்டியில் பயணிகள் விமானம் ஒன்று நொறுங்கியபோது மடியில் இருந்த பிள்ளைகளைத் தரையில் கிடத்தச் சொன்னார் பணிப்பெண். அன்றைய விதிமுறை அதுதான். அதில் ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு அந்தப் பணிப்பெண் பல வருடம் பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும் என்று போராடினார்.

இவர்கள் செய்த தவறு பெரியவர் இருவரும் முன்னால் உட்கார்ந்தது. பின்னால் இருக்கிற தாய்க்குக் கை நீட்டினால் பிள்ளை, பை, தண்ணீர், ஈரத்துணி எல்லாம் எட்டும். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். முன்னால் இருக்கிற தாய், பிள்ளை அழுத கணத்தில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பெல்ட் இல்லாத 62 கிலோவாக ஆகிவிடுகிறாள். அன்று நடந்ததில் என்னை உண்மையாகப் பயமுறுத்தியது அந்த இடுப்புதான், காது இல்லை. 3,500 அடியில் இடித்தது சரி. 300 அடியில் இடித்திருந்தால்?

அப்படியானால் மகள் முன்னால் வர வேண்டும். ஆறு வயதுக்கு எதிரே ஒரு ஸ்டியரிங், காலடியில் பெடல், கைக்கெட்டும் தூரத்தில் எரிபொருளை நிறுத்தும் சிவப்புக் குமிழ், பக்கத்தில் கதவுப் பிடி. 1994 மார்ச்சில் சைபீரியாவில் ஒரு ரஷ்ய ஏர்பஸ்ஸின் விமானி தன் பிள்ளைகளை இருக்கையில் உட்காரவைத்தார், மகன் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்ததில் விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியின் ஒரு பகுதி விடுபட்டது, யாரும் கவனிக்கவில்லை, 75 பேர் செத்தார்கள். பெரிய விமானத்திலேயே அப்படி. அதனால் எங்கள் முடிவு: முதல் சில தடவை ஒரு பிள்ளை மட்டும், தாயோடு பின் இருக்கையில். மற்ற பிள்ளை அடுத்த வாரம். நால்வரும் சேர்ந்து போகும் நாளில் மகள் முன்னால் வந்தால், இருக்கை முழுக்கப் பின்னால் தள்ளி, ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கையும் தொடைக்கு அடியில்.

ஒரு மெக்கானிக்கின் இடைச்செருகல்

வாந்தி என்று சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஹீட்டர் போட்டிருந்தியா?" என்பது. மே மாதம், டெக்சாஸ், போடவில்லை. ஏன் கேட்டேன் என்றால், இந்த வகை விமானத்தில் கேபினுக்கு வரும் சூடு இன்ஜினின் புகைக்குழாயைச் சுற்றிய உறையிலிருந்து எடுக்கப்படுகிறது. குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம். பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுகிறவர்கள். குளிர்காலத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்து இன்னொன்று அசந்து தூங்கினால், தூக்கிப்போட்டதால் வந்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். சத்தம் போட்டு எச்சரிக்கும் சின்னக் கருவி கிடைக்கிறது. வாங்கிப் பையில் போட்டுக்கொள் என்றேன். சட்டைப் பட்டன் மாதிரி ஒரு புள்ளி நிறம் மாறும் அட்டையும் உண்டு, ஆனால் அதை யாரும் பறக்கும்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்தது ஹெட்செட். கேபின் சத்தம் 90 டெசிபல் அளவில் இருக்கும், அதனால் பிள்ளைக்கு ஹெட்செட் கட்டாயம் வேண்டும். ஆனால் அன்றுதான் முதல்முறையாக மாட்டினால் எந்தப் பிள்ளை வைத்துக்கொள்ளும்? இங்கே இருந்த மூன்று வாரமும் அக்கா மாவு அரைக்கும்போதெல்லாம் பையன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் நாள் இரண்டு நிமிடம். கடைசியில் உளுந்து பொங்கி வரும்வரை கழற்றவில்லை.

வாக்கு

இதெல்லாம் சரி. ஆனால் கேள்வி இன்னும் நிற்கிறது. மூக்கொழுகல் தெரியும். மேகம் தெரியும். மூன்று மணி நேரத் தாமதம் தெரியும். படித்தவன், கணக்குப் போடுகிறவன் ஏன் கிளம்பினான்?

இரண்டாவது நாள் மாலைதான் அது வெளியே வந்தது. "பாப்பா மூணு நாளா நீச்சல் டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டே தூங்கினா மாமா. காலைல அதோட மேல கவுன் போட்டுக்கிட்டு, வாளியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறா. நான் எப்படி இல்லேன்னு சொல்றது?"

பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போகிற விமானி வானிலை சரியில்லை என்றால், சரிப்பா, இன்னொரு நாள் என்பார்கள். பிள்ளையிடம் வாக்கு கொடுத்தாயிற்று. அந்த வாளிக்கு எடை கணக்குத் தாளில் இடம் கிடையாது.

1996 ஏப்ரலில் வயோமிங் மாநிலத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தந்தையோடும் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரோடும், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட பயணத்தின் இரண்டாம் நாள். மழையும் இடியும் நெருங்கிக்கொண்டிருந்தன. விமானத்தில் அனுமதித்ததைவிட எடை அதிகம். ஆனால் அடுத்த ஊரில் தொலைக்காட்சிக்காரர்களிடம் சொன்ன நேரம் இருந்தது. கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். அந்த மோசமான வானிலையில் கிளம்ப முடிவெடுத்ததையும், எப்படியாவது அட்டவணையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பையும் விசாரணை சுட்டிக்காட்டியது. என் மருமகனுக்குத் தொலைக்காட்சி இல்லை, வாளி இருந்தது.

இங்கேதான் நம் கரை எனக்கு ஞாபகம் வந்தது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், மீன்துறையில் டோக்கன் கொடுக்க மாட்டார்கள். விசைப்படகு கரையில் நிற்கும். டீசல் போட்டாயிற்று, ஐஸ் ஏற்றியாயிற்று, கடன் இருக்கிறது, எல்லாம் உண்டு. திட்டிக்கொண்டே வலையை மடிப்பார்கள். போவதா வேண்டாமா என்பது அந்தப் படகுக்காரர் கையில் இல்லை. அதனாலேயே அவருக்கு அவமானமும் இல்லை, வீட்டில் பிள்ளைகளிடம் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. கூண்டு ஏறிடுச்சு, அவ்வளவுதான்.

சொந்தமாக ஓட்டுகிற சிறு விமானத்தில் படகோட்டியும் அவனே, துறைமுக அதிகாரியும் அவனே, வாக்கு கொடுத்த அப்பாவும் அவனே. மூன்று பேரும் ஒரே ஆளாக இருந்தால் அப்பாதான் ஜெயிப்பார்.

"கூண்டை உன் பெஞ்சாதி கையில குடு" என்றேன்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கே எனக்கு வேண்டாம்னுதான் தோணிச்சு மாமா. எனக்கு என்ன தெரியும்னு பேசாம இருந்துட்டேன்."

பேசி முடிவு செய்தது இது. இன்ஜின் கிளப்பும்வரை அவள் எப்போது வேண்டுமானாலும் கூண்டு ஏற்றலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவன் கேட்கவும் கூடாது. அவன் மட்டும் தனியாகவும் ஏற்றலாம். இறக்க மட்டும் யாராலும் முடியாது, அந்த நாளுக்கு. பிள்ளைகளிடம் "பறக்கப் போறோம்" என்று சொல்வதில்லை, "ஏர்போர்ட்டுக்குப் போறோம், கூண்டு இல்லேன்னா பறப்போம்." 9 மணிக்கு மேல் கிளம்புவதில்லை. முதல் பயணம் 25 நிமிடம், கிளம்பிய இடத்திலேயே இறங்குவது. ஓடுபாதைக்கு 10 மைல் தூரத்திலிருந்து யாரும் அப்பாவிடம் பேசக் கூடாது. பயணிகள் விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே விமானிகள் வேலை தவிர வேறு பேசக் கூடாது என்ற விதி 1981-லிருந்தே இருக்கிறது; இதற்கு மகள் வைத்த பெயர் "உஷ் நேரம்". பையன் அழுதால் அழட்டும், அம்மா பக்கத்தில் இருக்கிறாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு பிள்ளைகளையும் பாம்பனுக்குக் கூட்டிப்போனேன். தென்கடலில் கச்சான் காற்று இரைந்துகொண்டிருந்தது, வடகடல் குளம் மாதிரி கிடந்தது. உச்சிப்புளியில் 2009-லிருந்து இருக்கிற ஐ.என்.எஸ். பருந்து தளத்தின் பக்கம் ஏதோ ஒன்று பறந்து போயிற்று. நாமும் இங்கே பறக்கலாமா தாத்தா என்றாள் மகள். அது கடற்படையின் இடம்மா, இந்த வானத்தில் விமானப்படையிடம் அனுமதி எண் வாங்காமல் யாரும் பறக்க முடியாது என்றேன். "அப்ப அவங்களும் கூண்டு வெச்சிருக்காங்க" என்றாள். எத்தனை எண் கூண்டு வரை உண்டு என்று கேட்டாள். 11 வரை என்றதும் விரலில் எண்ணிப் பார்த்து, பத்துக்கு மேல் விரல் இல்லாமல் தம்பியின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வந்தது. அங்கே காலை. அவள்தான் பேசினாள்.

"தாத்தா, அம்மா கூண்டு ஏத்திட்டாங்க."

"எத்தனாம் நம்பர்?"

"மூணு. தம்பிக்கு மூக்கு ஒழுகுது. நாங்க ஏர்போர்ட்லயே உக்காந்து பிளேன் பாத்துக்கிட்டே சாண்ட்விச் சாப்பிட்டோம்."

"அப்பா என்ன பண்றாரு?"

"பிளேன்ல இருந்து கார் சீட்டைக் கழட்டிட்டு இருக்காரு."